தபசு கழியட்டும்

இந்த வருஷம் எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா கழிந்த மறுவாரம் மதுரைக்குப் போயிருந்தேன். மகள் கோமதியைப் பார்க்கத்தான். தலைப்பிள்ளை உண்டாகியிருக்கிறாள். தபசுக்கு எப்படியும் வந்துவிடுவாள் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. மசக்கை, பஸ் ஒத்துக்கொள்ளாது என்று மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருந்தார். சரி, அவள் வராவிட்டால் என்ன... நாம் போவோம்.

(சங்கரன்கோவிலில் பெண் குழந்தை பிறந்தால் பெயருக்காக யாரும் ரொம்ப யோசிப்பதில்லை, ஊர் அம்மன் பெயர்தான். தெருவில் நின்று 'கோமதி' என்று கூப்பிட்டால் நாலைந்து வீட்டிலிருந்து 'என்ன?' என்று குரல் வரும். என் மகள் அதில் ஒருத்தி.)

தூக்குச்சட்டியில் சுண்டவத்தல் குழம்பு, டப்பாவில் எள்ளுருண்டை, காகிதத்தில் மடித்த கோயில் புற்றுமண் பிரசாதம் எல்லாம் கொண்டுபோனேன். குழம்பைச் சோற்றில் பிசைந்து அவள் ருசித்துச் சாப்பிட்டதைப் பார்த்தே எனக்குப் பசி அடங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், "ஐப்பசியில வளைகாப்பு முடிஞ்ச கையோட உன்னயக் கூட்டிட்டுப் போயிருதேன். முன்னறையில உனக்குக் கட்டில் போட்டாச்சு" என்றேன்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்காதம்மா. பிரசவத்துக்கு நான் அங்க வரல. இங்கயே பாத்துக்கிடுதேன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வராத பெண் உண்டா? மாமியார் ஏதாவது சொல்லிவிட்டாரா? மாப்பிள்ளைக்கு நம் மேல் மனத்தாங்கலா? தலைதீபாவளிக்கு ஏதாவது குறை வைத்துவிட்டோமா? ஒரு நிமிஷத்துக்குள் மனசு எங்கெல்லாமோ போய் வந்தது.

"என்னட்டி சொல்லுத? யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. நம்ம வீட்ல கக்கூஸ் இல்லல்லா..."

இந்த வார்த்தையை எழுதும்போது எனக்கே பேனா கொஞ்சம் தயங்கியது. குடும்பப் பத்திரிகை, பெண்கள் படிக்கிற பக்கம், இதையெல்லாம் எழுதலாமா? ஆசிரியர் சிவப்பு மசியால் அடிக்காமல் விட்டால் நீங்கள் படித்துக்கொண்டிருப்பீர்கள். அடித்துவிட்டு 'கழிப்பறை' என்று மாற்றியிருந்தாலும் பாதகமில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரிலும் ஒன்று கிடையாது.

கோமதி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "அங்க வந்தா மத்தியானத்துக்கு மேல நான் தண்ணி குடிக்கிறதே இல்லம்மா. நீ கவனிச்சதில்லையா? இப்பம் டாக்டரம்மா தண்ணி நெறையக் குடி, தண்ணி நெறையக் குடிங்காவ. வயித்தத் தூக்கிக்கிட்டு இருட்டுல உடங்காட்டுக்கு நான் எப்படிம்மா போவேன்? வழுக்கி விழுந்தா?"

ஊருக்கு வெளியே உடை மரங்களும் முள்ளுமாகக் கிடக்கிற இடம்தான் உடங்காடு. எங்கள் தெருப் பெண்களுக்கு விடியுமுன் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை அங்கேதான் போக்கிடம். நடுவில் வயிறு என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது. இதை நான் இத்தனை வருஷமாக ஒரு கஷ்டமாகவே நினைத்ததில்லை என்று சொன்னால் அது பொய். கஷ்டம்தான். ஆனால் வெயில் அடிப்பது மாதிரி, மழை பெய்வது மாதிரி, அதுவும் ஒன்று என்று இருந்துவிட்டேன்.

நான் கவனித்ததில்லையா? பொங்கலுக்கு வந்திருந்தபோது அவள் டம்ளரில் பாதித் தண்ணீரை வைத்துவிட்டு எழுந்து போனது நினைவில் இருக்கிறது. மதுரைத் தண்ணீர் பழகிவிட்டது போல என்று சிரித்துக்கொண்டே அதை எடுத்துச் செடிக்கு ஊற்றியவள் நான். பெற்ற மகள் என் வீட்டில் தாகத்தோடு இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு உண்டு!

*

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுக்காரரைத் தெரியும். நல்ல மனிதர். அரசாங்க ஆபீஸில் வேலை. அங்கே அவர் மேஜையில் ஒரு காகிதம் மறுநாள் வரை தங்காது. பக்கத்து வீட்டில் ஃப்யூஸ் போய்விட்டால் சாப்பிட்ட கையோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஓடுவார். தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் பந்தலுக்கு ஆள் பிடிப்பது அவர்தான்.

நம் வீட்டு வேலை என்றால் மட்டும் "பாப்போம்".

கோமதி வயசுக்கு வந்த வருஷம் முதல் முறை கேட்டேன். "கொல்லையில எடம் கெடக்கு. ஒரு கக்கூஸ் கட்டிருவோமா?" அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "கட்டத்தான் வேணும். தபசு கழியட்டும்" என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். பெண் பார்ப்பது, பல் பிடுங்குவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது எதுவானாலும் சங்கரன்கோவிலில் 'தபசு கழியட்டும்' என்று ஒரு தவணை உண்டு. தபசுக்கு ஊரே உறவுக்காரர்களால் நிரம்பிவிடும், யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. நியாயம்தான். ஆனால் தபசு கழிந்த பிறகு?

ஆவணி வந்தால் அடுத்தடுத்துக் கல்யாணங்கள், கொத்தனார் கிடைக்க மாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் குழி தோண்டினால் மழைத் தண்ணீர் நிரம்பிவிடும். மார்கழியில் யாராவது கல் வேலை ஆரம்பிப்பார்களா? தை மாதம் அறுப்பு, கூலிக்கு ஆள் வராது. பங்குனியில் ஆபீஸில் கணக்கு முடிக்க வேண்டும். சித்திரையில் கிணறு வற்றிவிடும், கலவைக்குத் தண்ணீர் ஏது? ஒரு தடவை நான் வைகாசியைப் பிடித்துவிட்டேன். வைகாசிக்கு ஒரு குறையும் கிடையாதே என்று மடக்கினேன். "சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்கணும்ட்டி. அது லேசுப்பட்ட காரியமா?" என்றார். பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டு, அது வந்து சேர்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

ஆடி பிறந்தால் என்ன? தபசு கழியட்டும்.

இப்படியே கோமதி பள்ளிப் படிப்பை முடித்தாள். டைப்ரைட்டிங் முடித்தாள். கல்யாணம் முடிந்தது. கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்காக ஓலைத் தட்டியால் கொல்லையில் அவசரமாக ஒரு மறைப்புக் கட்டினார். 'தற்காலிக ஏற்பாடு' என்றார். கல்யாணம் முடிந்ததும் தட்டியைப் பிரித்தது மட்டும் அன்றைக்கே நடந்தது.

*

மதுரையிலிருந்து திரும்பும்போது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அவர் மேல் கோபத்தை ஏற்றிக்கொண்டே வந்தேன். ராஜபாளையம் தாண்டும் வரை கோபம் நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் கேள்விகள் என் பக்கம் திரும்பிவிட்டன.

நான் எத்தனை தடவை கேட்டேன்? வருஷத்துக்கு ஒரு தடவை. சில வருஷம் அதுவும் இல்லை. அவர் "பாப்போம்" என்றதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் பாத்திரத்தை 'டங்'கென்று வைப்பேன். அதோடு சரி. இன்றைக்குச் சண்டை வேண்டாம், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்... பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும்... விருந்தாளிகள் இருக்கிறார்கள்... அவர் மனசு நன்றாக இருக்கும் நேரம் பார்த்துப் பேசலாம்... என்னிடமும் ஒரு பஞ்சாங்கம் இருந்திருக்கிறது. வேலையைத் தள்ளிப்போட்டது அவர். சண்டையைத் தள்ளிப்போட்டது நான்.

இன்னொன்றும் தோன்றியது. இந்தப் பத்தியை நான் ஒரு வாரம்கூடத் தாமதமாக அனுப்பியதில்லை. தாமதித்தால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார். எங்கள் வீட்டுக்காரர் ஆபீஸில் தாமதித்தால் மெமோ வரும். பக்கத்து வீட்டு ஃப்யூஸைப் போடாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். வீடு மெமோ கொடுப்பதில்லை. வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், மன்னித்துவிடுவார்கள் என்று நமக்கு நன்றாகத் தெரியும். அதனால் நம் மேல் யாருக்குப் பிரியம் அதிகமோ அவர்களுடைய வேலைதான் கடைசி வரிசையில் நிற்கிறது. நாம் சோம்பேறிகள் என்பதைவிட எனக்கு இது பெரிய குற்றமாகப் படுகிறது.

*

வீட்டுக்கு வந்ததும் எதையும் சுற்றி வளைக்காமல் அவரிடம் சொன்னேன். கோமதி சொன்னது எல்லாவற்றையும், அந்தத் தண்ணீர் விஷயம் உட்பட.

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். செய்தி கேட்க ரேடியோவைத் திருப்பப் போன கை பாதியில் நின்றது.

"தண்ணி குடிக்காம இருந்தாளா? நம்ம வீட்லயா?"

"நம்ம வீட்லதான்."

எழுந்து கொல்லை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "ஆவணி பொறந்ததும் மொத வேலை இதுதான்" என்றார். நான் நம்பினேன். முகம் அப்படி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மதினி வந்தார்கள். மதினி என்றால் அவருடைய அக்கா. கரிவலம்வந்தநல்லூரில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். கொல்லையில் குழிக்கு இடம் பார்த்துக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்கள்.

"ஏல தம்பி, உனக்குக் கூறு இருக்கா? பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்ல மண்ணக் கெளறலாமா? கல்லு வேலை ஆரம்பிக்கலாமா? பிள்ளைக்கு ஆகுமால?"

எங்கள் பக்கத்தில் இது பெரிய சாஸ்திரம். வீட்டில் ஒருத்தி பிள்ளை உண்டாகியிருந்தால் அஸ்திவாரம் தோண்ட மாட்டார்கள், சுவரை இடிக்க மாட்டார்கள். நான் டீச்சர்தான், பாடம் நடத்துகிறவள்தான். ஆனாலும் அதைக் கேட்டதும் எனக்கும் பயம் வந்துவிட்டது. பிரசவத்தில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? அந்தக் குழியைத்தானே எல்லாரும் காட்டுவார்கள்? முதலில் நானே காட்டுவேனே!

அவர் குச்சியைப் பிடுங்கி மண்ணைத் தட்டினார். "அக்கா சொல்லுததும் நியாயந்தான? பிள்ளை நல்லபடியாப் பொறக்கட்டும். பொறவு பாப்போம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பயம் இருந்தது, உண்மைதான். அந்தப் பயத்துக்குப் பின்னால், லேசாக ஒரு நிம்மதியும் இருந்தது. பல வருஷமாகத் தபசும் மழையும் அறுப்பும் செய்த உபகாரத்தை இப்போது பிறக்காத பேரப்பிள்ளை செய்கிறது! எந்தப் பிள்ளைக்காகக் கட்ட வேண்டுமோ அந்தப் பிள்ளையையே காரணம் காட்டி நிறுத்திவிட முடிகிறதே. எனக்கு ஆத்திரம் பொங்கியது. மதினிக்குக் கொண்டுவந்த காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

மதினியிடம் சாஸ்திரம் பொய் என்று வாதாடுவதில் பிரயோஜனமில்லை. எனக்கே முழுசாகப் பொய் என்று சொல்லத் தைரியமில்லை. அதனால் வேறு ஒன்றைக் கேட்டேன்.

"மதினி, கோமதிய நாம கட்டிக் குடுத்தாச்சு. தாரை வார்த்தன்னைக்கு நான் அழுதப்ப நீங்க என்ன சொன்னிய? 'ஏட்டி விசாலம், இனிமே அவ அந்த வீட்டுப் பிள்ளை, மனசத் தேத்திக்கோ'ன்னு சொன்னியளா, இல்லையா?"

"ஆமா, சொன்னேன்."

"அப்பம் பிள்ளைத்தாச்சி இருக்கிறது மதுரை வீட்ல. அங்கதான் மண்ணக் கெளறக் கூடாது. இந்த வீட்ல இப்பம் பிள்ளைத்தாச்சி யாரு இருக்கா?"

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு வாய் கூசியது. அன்றைக்கு மதினி அதைச் சொன்னபோது எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? என் பிள்ளை எப்படி வேறு வீட்டுப் பிள்ளை ஆவாள் என்று மனசுக்குள் இன்றுவரை ஒத்துக்கொள்ளாத வார்த்தை அது. அவளை என் வீட்டுக்குக் கூட்டி வர, அவள் என் வீட்டுப் பிள்ளை இல்லை என்று நானே வாதாட வேண்டியதாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்ல அடுப்புகூடப் பக்கத்தில் இல்லை.

மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார்கள். பிறகு தம்பியின் பக்கம் திரும்பினார்கள்.

"ஏல, பெரியவன நான் வயித்துல வச்சிருக்கையில ஒரு மழை நாள், ஓடைக்கரையில வழுக்கி விழுந்துட்டேன். வீட்ல யார்ட்டயும் சொல்லல. எதுக்குப் போனேன்னு எப்படிச் சொல்ல? அவன் பொறந்து அழுத சத்தம் கேட்ட பொறவுதான் எனக்கு உசுரு வந்துச்சு. இன்னைக்குத்தான் வாயத் தொறந்து சொல்லுதேன்."

மதினி காலி டம்ளரைத் தள்ளி வைத்தார்கள்.

"விசாலம் சொல்லுததுதான் சரி. கட்டு. ஆனா ஒண்ணு... அவ காலு இந்த வீட்டுப் படியில படுததுக்கு முன்னால மம்பட்டி, கொத்துக்கரண்டி எல்லாம் வெளிய போயிரணும். அவ வந்த பொறவு இந்த வீட்ல ஒரு ஆணி அடிக்கக் கூடாது. ஆமா."

அப்படித்தான் எங்கள் வீட்டு வேலைக்கு முதன்முதலாக ஒரு கெடு விழுந்தது. நான் எத்தனையோ தேதி சொல்லியிருக்கிறேன், எல்லாம் நகர்ந்துவிட்டன. இந்தத் தேதி நகராது. வயிற்றில் இருக்கிற பிள்ளையிடம் போய் 'தபசு கழியட்டும்' என்று சொல்ல முடியுமா?

*

கெடு விழுந்துவிட்டால் வேலை ஆரம்பித்துவிடும் என்றா நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆவணி பிறந்தது. "நல்ல கொத்தனாராப் பாக்கணும்", "செங்கல் இந்தச் சூளையா, அந்தச் சூளையான்னு விசாரிக்கணும்" என்று விசாரணையிலேயே நாள் போனது. வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். ஒரு வேலையை ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் அது நம் மனசுக்குள் மலை மாதிரி வளர்ந்துவிடுகிறது. எந்தப் பக்கம் ஏறுவது என்று தெரியாமல் அடிவாரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கரிவலம் சாலையில் செங்கல் வண்டிக்காரர் ஒருவரைப் பார்த்தேன். யோசிக்கவே இல்லை. ஒரு லோடு கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் வண்டி வந்தது.

"எங்கன எறக்க, டீச்சர்? பின்பக்கமா?"

"இல்ல. இந்தா, இந்த வாசல்லயே எறக்குங்க."

"நடையில்லா மறிச்சிரும்?"

"மறிக்கட்டும்."

ஆள் நுழைய ஒரு இடுக்கு மட்டும் விட்டு மிச்ச வாசல் முழுக்கச் செங்கல். இவர் ஆபீஸ் விட்டு சைக்கிளில் வந்தார், இறங்கினார், நின்றார். அந்த சைக்கிளை இவர் ஒரு நாள்கூட வெளியில் விட்டு வைத்தவர் அல்ல. தினம் துடைத்து ரேழியில் சாத்தினால்தான் காப்பி இறங்கும். செங்கல் மேல் ஏறி, சைக்கிளைத் தோளில் தூக்கி, வேட்டி சிக்கி... உள்ளே வருவதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டது.

"யாரு இங்கன எறக்கச் சொன்னா?"

"நாந்தான். பின்னால கொண்டுபோக ஆள் வேணும்லா? கொத்தனாரு வந்தா அவரே எடுத்துட்டுப் போவாரு."

ரெண்டு வேளை சைக்கிளைத் தூக்கினார். அதைவிட, போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்ன அண்ணாச்சி, மாடி எடுக்கியளா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் "சும்மா, சின்ன வேலை" என்றார். பிறகு "பாத்ரூம்" என்றார். மூன்றாவது ஆளிடம், "மக பிரசவத்துக்கு வாரா, கக்கூஸ் கட்டுதோம்" என்று தெளிவாகவே சொன்னது எனக்கு அடுக்களை வரை கேட்டது. ஊரிடம் சொல்லியாகிவிட்டது. இனிமேல் அது பக்கத்து வீட்டு ஃப்யூஸ் மாதிரிதான். அந்த வாரமே வாசுதேவநல்லூரிலிருந்து கொத்தனார் வந்துவிட்டார்.

வந்த கொத்தனார் குழியை வெட்ட ஆள் வைத்தார், அஸ்திவாரம் போட்டார், இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பினார், ராயகிரியில் சொந்தக்காரர் கல்யாணம் என்று போனார். போனவர் வரவில்லை. "நாளைக்கு வாரேன்" என்று ஆள் மூலம் சொல்லிவிட்டுக்கொண்டே இருந்தார். அப்போது எங்கள் வீட்டுக்காரர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தார். "நாளைக்கு, நாளைக்குன்னா என்ன அர்த்தம்? சொன்ன சொல்லுக்கு மதிப்பு இல்லையா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிக்காமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது. கடைசியில் லீவு போட்டுவிட்டு வாசுதேவநல்லூருக்கே பஸ் ஏறி, கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

சுவர் எழும்பியது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டாயிற்று. பீங்கான் பதித்தார்கள். குழாய் இல்லை, தண்ணீருக்குச் சின்னதாக ஒரு தொட்டி. முதல் மழை இறங்குவதற்குள் பூச்சும் காய்ந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று. கதவு.

கதவு செய்ய ஒப்புக்கொண்ட ஆசாரி கையில் உளி பட்டுக் கட்டுப் போட்டிருந்தார். வேறு ஆசாரிகள் எல்லாருக்கும் கைநிறைய வேலை. நிலை மட்டும் நின்றுகொண்டிருந்தது, கதவில்லாமல். வளைகாப்புக்கு மதுரைக்குக் கிளம்பும் நாளும் வந்துவிட்டது.

"நீயும் அக்காவும் போயிட்டு வாங்க. நான் இருந்து கதவப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"பாத்துக்கிடுதேன்னா?"

"பாத்துக்கிடுதேன்ட்டி."

போகிற வழியெல்லாம் அந்த 'பாத்துக்கிடுதேன்' என் காதில் 'பாப்போம்' என்றே விழுந்துகொண்டிருந்தது.

*

வளைகாப்பு நன்றாக நடந்தது. கோமதி கை நிறையக் கண்ணாடி வளையலோடு, கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு வளையல் போடும்போது குனிந்து என் காதில் கேட்டாள். "எல்லாம் முடிஞ்சிட்டாம்மா?"

"முடிஞ்சிட்டு."

பொய்தான். கதவில்லாத கக்கூஸை எப்படி முடிந்தது என்று சொல்வது? மாமியார் கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து, "உடம்பப் பாத்துக்கம்மா. ஏதாவது ஒரு கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, வந்து கூட்டிட்டு வந்துருவோம்" என்று அவளிடம் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் தலையை நிமிர்த்த முடியவில்லை.

பஸ்ஸில் கோமதி ஜன்னலோரம். நான் நடுவில். மதினி அந்தப் பக்கம். என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பழைய போர்வையைத் திரையாகக் கட்டலாம். ஆனால் காற்றடித்தால்? அவள் வந்த பிறகு ஆணி அடிக்கக் கூடாது. அடித்தால் மதினி சும்மா விட மாட்டார்கள், என் மனசும் சும்மா விடாது. இன்னும் மூன்று மாதம். மறுபடி தண்ணீரை அளந்து குடிப்பாளா? இல்லை, நாலு நாள் இருந்துவிட்டு மதுரைக்குத் திரும்புகிறேன் என்பாளா? பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். மதினி ஆரத்தி கரைக்கப் போனார்கள். கோமதியை வாசல்படிக்கு வெளியே நிறுத்திவிட்டு, "ஒரு நிமிசம் நில்லு" என்று சொல்லி நான் விறுவிறுவென்று கொல்லைக்குப் போனேன்.

கதவு இருந்தது.

பச்சைப் பெயின்ட் அடித்த, கனமான, நல்ல மரக் கதவு. தள்ளினேன், திறந்தது. சாத்தினேன், நிலையில் போய்ப் பொருந்தியது. அடியில் மட்டும் ரம்பத்தால் அறுத்த புது மரம் வெள்ளையாகத் தெரிந்தது. ஆசாரி கிடைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் எங்கேயோ பார்த்த கதவாக இருக்கிறதே...

பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் மரத்தூள். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"ஆசாரி வரலட்டி. நானே வச்சிட்டேன். கொஞ்சம் பெருசா இருந்துச்சு, அறுத்துட்டேன்."

"எதை அறுத்திய? இது ஏது கதவு?"

"நம்ம ரூம் கதவுதான்."

வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன். எங்கள் அறை வாசலில் என்னுடைய பழைய நூல் சேலை ஒன்று திரையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் வந்த நாள் வேறு இல்லை என்று அச்சில் எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. எழுதிவிட்டேன்.

ஆரத்தி எடுத்து உள்ளே வந்த கோமதி நேராகக் கொல்லைக்குத்தான் போனாள். கதவைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஏப்பா... இது உங்க ரூம் கதவுல்லா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவின் கீலைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உள்ளயிருந்து தாழ்ப்பாள் ஒழுங்கா விழுதான்னு பாரும்மா."

கதவு சாத்திக்கொண்டது. 'டக்'கென்று தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காகத்தான் நாங்கள் ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மதினி மம்பட்டியையும் ரம்பத்தையும் ஆரத்திக்கு முன்பே பக்கத்து வீட்டுக்குக் கடத்தியிருந்தார்கள்.

இது நடந்து கொஞ்ச நாளாகிவிட்டது. கோமதி முன்னறையில் நன்றாகத் தூங்குகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். எங்கள் அறைக்கு இன்னும் சேலைதான். பிள்ளை பிறந்த பிறகு ஆசாரியைக் கூப்பிடலாம், தை பிறக்கட்டும், இல்லாவிட்டால் மாசியில் பார்க்கலாம் என்று நேற்று ஆரம்பித்திருக்கிறார்.

இதை மட்டும் தாராளமாகத் தள்ளிப்போடட்டும் என்று விட்டுவிட்டேன்.